நர்சம்மாவின் ஞாயிற்றுக்கிழமை முகாம்

எங்கள் கடற்கரைக்குப் புதிதாக வந்த நர்சம்மா ஸ்ரீவைகுண்டத்துக்காரர். வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர். அதனால்தான் பெண்களுக்கான கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாமை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார். அன்றைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். இருந்தார்கள்தான். ஞாயிறன்று எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஆண்கள் வலைக் கொட்டகையில் சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். கொட்டகைக்கு நேர் எதிரே சுகாதார நிலையம். அந்த வாசலில் எந்தப் பெண் கால் வைப்பாள்?

இரண்டு ஞாயிறு போயிற்று. ஒருத்தியும் வரவில்லை. வருகிறவர்களுக்காக வாங்கிவைத்த கடலை மிட்டாயை ஒன்பது வயதுக்காரியான நான்தான் தின்று தீர்த்தேன்.

"உங்க ஊர்ப் பொம்பளையளுக்கு உடம்பு மேல அக்கறையே கெடையாதா?" என்று நர்சம்மா என்னிடமே அலுத்துக்கொண்டார்.

"அக்கறைலாம் உண்டு நர்சம்மா. ஆம்பளைய எல்லாரும் எதுக்கவே இருக்காவல்லா. வள்ளம் போன பெறவு வாங்க" என்றேன். என் அறிவெல்லாம் ஒன்றுமில்லை, அம்மா வீட்டில் புலம்பியதை அப்படியே ஒப்பித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆண்கள் வள்ளங்களில் கடலுக்குப் போனபின் நர்சம்மா வந்தார். பெண்களும் வந்தார்கள், ஆளுக்கொரு குடத்தோடு, தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள்போல. குழாய் ஊரின் மறுகோடியில் இருந்தது.

அம்மா சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் சித்திக்கு இரத்தம் படுவது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "செத்தாலும் அங்கன போயிப் படுக்க மாட்டேன்" என்று அழுதாள் சித்தி.

"ஏளா, சாவாம இருக்கதுக்குத்தான கூப்பிடுதேன்" என்றாள் அம்மா.

உள்ளே ஊறுகாய் வாசம் அடித்தது. வினிகர் போன்ற ஒன்றைத் தடவிப் பார்ப்பார்களாம், கெட்ட இடம் வெளுத்துக் காட்டுமாம். சித்திக்கு வெளுத்தது.

"பயப்படாதீங்க. இது ஒரு வைரஸால வர்றது. அந்த வைரஸ் நெறையப் பேருக்கு வந்து தானாப் போயிரும். சிலருக்கு உள்ளயே தங்கி, பல வருசம் கழிச்சுப் புத்துநோயா மாறும். அதுக்கு முன்னாடி பிடிச்சிட்டா சரிபண்ணிரலாம். பெரியாஸ்பத்திரில காட்டுங்க" என்றார் நர்சம்மா.

சித்தப்பாவிடம் சொல்லச் சித்திக்குப் பயம். அம்மாதான் சொன்னாள். கொட்டகையில் தவறாமல் சீட்டுப் போடும் அந்த மனிதர் எழுந்து சட்டையை மாட்டினார். பிறகு சித்தியைப் பார்த்து, "ஏளா, இதச் சொல்லுததுக்கா இம்புட்டு நாளு?" என்று கேட்டுவிட்டு பைக்கை வெளியே தள்ளினார். இவருக்கா இவ்வளவு பயந்தார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

தூத்துக்குடியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. இன்னும் புற்றாகவில்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மாவும் சித்தியும் அடுப்படியில் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன்.

முந்தின வாரம் சித்தி அம்மாவிடம், "எனக்கு ஏதும் ஆயிட்டுன்னா எம்பிள்ளைய நீ வளத்துக்கோ" என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. சித்தி மகளான தங்கச்சி இனி எங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறாள் என்று என் பாயில் அவளுக்கு இடம்கூட ஒதுக்கிவைத்திருந்தேன்.

"அப்ப தங்கச்சி நம்ம வீட்டுக்கு வரமாட்டாளா?" என்றேன்.

"வரமாட்டா. எங்கூடத்தான் இருப்பா" என்ற சித்தி, கண்ணைக்கூடத் துடைக்காமல் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். என் ஏமாற்றத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.