லிஃப்ட் வாசல் இடுக்கு

ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஸ்ட்ரெச்சர் வண்டியில் படுக்கவைத்துத் தள்ளும் வேலை அவனுக்கு. வேகத்தைப் பார்த்து ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரே தள்ளு, ஒரே பிடி. லிஃப்ட் வாசல் இடுக்கில் சக்கரம் தடாலென்று விழுந்து எழும். கூட வேலை பார்க்கும் அக்கா ஆடி அசைந்துதான் வருவாள். கிண்டல் செய்தால், “வண்டியப் பிடிச்சா வண்டிதான் நிக்கும். மேல இருக்கற உடம்பு போயிட்டேதான் இருக்கும்” என்பாள். அவன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அதே வண்டியில் அவனே படுக்க நேர்ந்தது. இருமினாலே தையல் உயிரை எடுத்தது. தள்ள வந்தவள் அக்கா. தான் செய்த கிண்டலுக்கெல்லாம் இன்று வட்டியோடு கிடைக்கும் என்று பயந்து, இரு பக்கக் கம்பிகளையும் இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. நடுவில் இரண்டு தடவை அவள் முன்பக்கம் போய் எதையோ மூச்சுப் பிடித்துத் தூக்குவது மட்டும் கேட்டது.

“லிஃப்ட் இடுக்கு எப்பக்கா வரும்?”

“ரெண்டு தடவ தாண்டியாச்சு. இது வார்டு. கம்பிய விடு.”

கம்பியை விட்ட கைகள் தாமாகவே அவளைக் கும்பிடப் போயின.

“கைய மெதுவாத் தூக்கு, தையல் இழுக்கும்” என்றாள்.