டாங்கிக் குழாயில் ஒரு துளை

சிதம்பரம் பேருந்தில் செம்மங்குப்பத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கட்டைவிரல் நகத்தால் எதையாவது வருடிக்கொண்டே வந்தார். முன்சீட்டுக் கம்பி, டிபன் பாக்ஸ் மூடி, எதுவும் தப்பவில்லை. பிளாஸ்டிக் பொம்மைகளை வார்க்கும் அச்சு, அதாவது மோல்டு, வெட்டுபவராம். பிசிறு தேடித் தேடிப் பழகிய நகம்.

ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு ராணுவ டாங்கியை எடுத்து என் கையில் வைத்தார். அலமாரியில் சேர்த்து வைப்பவர்கள் வாங்கும் ரகம். சுடும் குழாயின் நுனியில் நிஜமாகவே துளை இருந்தது. கவிழ்த்தேன். அடிப்பக்கம் மொட்டையாக இருந்தது.

"அடியில ஒண்ணுமே இல்லையே?"

"நெஜ டாங்கி மாதிரி நெறைய போல்ட்டு இருக்கணும் சார். மொதலாளி, ரெண்டுத்துக்கும் டைம் கெடையாது, போல்ட்டா தொளையா, ஒண்ணு சொல்லுன்னுட்டாரு. எல்லாரும் போல்ட்டுன்னாங்க. தொளைக்கு மோல்டுல வைக்கிற ஊசி ஒடைஞ்சிக்கிட்டே இருக்கும். நான் தொளைதான்னு நின்னேன். இப்ப சிதம்பரத்துல கடைக்காரர்கிட்ட காட்டப் போறேன். அவுரு வேணாம்னா என் பேச்சு இனிமே எடுபடாது."

"கவுத்துப் பாக்குறவங்க கேப்பாங்களே. நானே கேட்டுட்டேன்."

"கேட்டீங்க. ஆனா மொதல்ல குழாய்க்குள்ளதான் பாத்தீங்க. நான் உங்க கண்ணையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சிதம்பரத்தில் இறங்கியவர், ஆர்டரே கைக்கு வந்துவிட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் எந்தக் கடையில் டாங்கி பொம்மையைக் கண்டாலும், என் கண் முதலில் குழாய்க்குள்தான் போகிறது.