ஏலத்துக்கு வந்த என் விலாசம்

என் சொந்த விலாசத்தை நானே ஏலத்தில் எடுக்க வேண்டியிருந்தது. அதைவிடக் கேவலம், எடுத்தும் அது எனக்கு வந்து சேரவில்லை. இருபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் நினைத்தால் காது சூடாகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற வழியைக் காணோம். அதனால் சூட்டோடே எழுதுகிறேன்.

விலாசம் என்று நான் சொல்வது இன்டர்நெட்டில் ஒரு வெப்சைட்டுக்கு இருக்கும் பெயரை. டொமைன் என்பார்கள். அதை ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. வருடா வருடம் கட்டணம் கட்டி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கட்டாவிட்டால், பெயரைப் பதிந்து கொடுத்த கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கும். பிறகு ஏலத்தில் போட்டுவிடும்.

எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரியை நடந்து சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. காலையில் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் தொடங்கி, சுக்கும் மிளகும் மூட்டை பிடிக்கிற கிடங்குகள் வழியாக நடந்து, ஃபோர்ட் கொச்சி படகு ஜெட்டியில் ஏறி வைப்பின் தீவுக்குப் போய்த் திரும்புவோம். கேட்டால் கும்பளங்கி கிராமத்துக்கும் கூட்டிப்போவேன். வெளிநாட்டுக்காரர்கள் கையில் தூக்கிக்கொண்டு அலைகிற ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகத்தில் என்னைப் பற்றி மூன்று வரி வந்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி தனியாக நடத்தும் நடை, தவற விடாதீர்கள் என்று போட்டுக் கீழே என் வெப்சைட் விலாசம். ஃபோன் நம்பர் இல்லை, தெருப் பெயர் இல்லை. புத்தகத்தின் அடுத்த பதிப்பு வர இரண்டு வருடம் ஆகும். அதுவரை எந்த ஊரிலிருந்து யார் என்னைத் தேடினாலும் அந்த ஒரு விலாசத்தில்தான் தேட வேண்டும். என் சோறு அந்த விலாசத்தில் இருந்தது.

அது என் பேரில் இல்லை என்பதுதான் கதை. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பி.பி. நம்பரிலிருந்து தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் ஃபோன் கிடையாது. ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவரின், அண்ணன் என்கிற மாதிரி நாங்கள் சேட்டன் என்போம், அவர் கடை ஃபோன்தான் எங்கள் எல்லோருக்கும் நம்பர். ஸ்கூல் ஃபாரம், வேலைக்கு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் அந்த நம்பரை எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போடுவோம். ஃபோன் அடுத்தவருடையது, அடித்தால் எங்களைக் கூப்பிட்டு விடுவார்கள் என்று அர்த்தம். சேட்டனும் கூப்பிடுவார். கடை வாசலில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் சந்தின் கடைசி வீடு வரை கேட்கும். அதற்காக யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன்.

படிப்பு முடிந்ததும் அவர் கடையிலேயே விற்பனைக்கு நின்றேன். ஆறு வருடம். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷுக்குப் பல் முளைத்தது அங்கேதான். பழம்பொருள் வியாபாரத்தையும் அங்கேதான் பார்த்தேன். மூலையில் கிடக்கிற சாமானுக்கு விலை என்று ஒன்று கிடையாது. பித்தளை உருளியோ மரப்பெட்டியோ வருடக்கணக்காகத் தூசி படிந்து கிடக்கும். யாராவது அதை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு, கடையை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப வந்து இரண்டாம் தடவை எடுத்தால் அப்போதுதான் அதற்கு விலை பிறக்கும். சேட்டன் பேப்பர் படிப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். கண் மட்டும் அந்தக் கையின் மேல் இருக்கும். பிற்பாடு நான் நடை நடத்தத் தொடங்கியபோது என் விருந்தாளிகளிடம் முதலில் சொன்னது இதைத்தான். பிடித்த சாமானை இரண்டாம் தடவை தொடாதீர்கள் என்பேன்.

கடையில் இருக்கும்போதே வெப்சைட் ஆசை வந்துவிட்டது. பெயரைப் பதிய கிரெடிட் கார்டு வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட இல்லை. சேட்டன் தன் கார்டில் பதிந்து தந்தார், பணத்தை நான் கையில் கொடுத்தேன். ஃபாரத்தில் இமெயில் கேட்டிருந்தது. யோசிக்காமல் கடை இமெயிலைக் கொடுத்தேன். பி.பி. போட்டுப் போட்டுப் பழகிய கை. ஏதாவது வந்தால் சேட்டன் கூப்பிட்டுச் சொல்வார் என்ற நினைப்பு. ஃபோன் அடித்தால் அங்கே நிற்கிற எல்லோர் காதிலும் விழும், இமெயில் சத்தமே போடாமல் வந்து கிடக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் கார்டுக்காரரின் பேர் விழுந்ததையும் நான் கண்டுகொள்ளவில்லை. பி.பி. நம்பர் எழுதிய பத்திரிகையை வைத்துக்கொண்டு ஃபோன்காரர் மாப்பிள்ளையாகி உட்கார்ந்ததாக எங்கள் சந்தில் சரித்திரம் இல்லை.

பிறகு நான் கடையை விட்டேன். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாதது வேறு. ஜூ டவுனில் ஒவ்வொரு கைடும் நடையின் முடிவில் விருந்தாளிகளை ஏதாவது ஒரு கடைக்குள் ஏற்றி விடுவான், கடைக்காரர் அவனுக்குக் கமிஷன் கொடுப்பார். நான் யாரையும் எந்தக் கடைக்கும் கூட்டிப்போகவில்லை. அவர் கடைக்கும் சேர்த்துத்தான். இருந்தும் வருடம் தவறாமல் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் பெயரைப் புதுப்பிப்பார். சிரிப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது.

புத்தகத்தில் அந்த மூன்று வரி வந்த அடுத்த மழைக்காலத்தில் பணத்தோடு போனேன். வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். நோக்காம் மோளே என்றார். பார்க்கலாம் மகளே என்று. கொஞ்ச நாளில் என் வெப்சைட் திறக்கவில்லை. ஓடினேன். பாஸ்வேர்டு நினைவில்லை, நோக்காம் என்றார். மூன்றாவது தடவை போனபோது, அந்தப் பணத்தை அப்படியே எடுத்துத் திரும்பக் கொடுத்து, இதெல்லாம் எனக்கு எங்கே மோளே நேரம் என்றார். எச்சரிக்கைக் கடிதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக அவர் இமெயிலுக்கு வந்திருக்கின்றன. அவர் ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து கெஞ்சியிருந்தால் அரை மணி நேரத்தில் காரியம் முடிந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடையில் ஆறு வருடம் நின்ற கால் அதற்கு மடங்கவில்லை.

ஜெட்டிக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய ஒரு மலையாளி அக்காதான், சேச்சி என்பேன், விஷயத்தைக் கண்டுபிடித்தார். காலாவதியான பெயர்களை அந்தக் கம்பெனி ஏலம் போடுகிற பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆயிரக்கணக்கான பெயர்கள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் என்னுடையது. கேட்பாரற்ற சாமான்களோடு அதுவும் ஒன்று. சேச்சியின் கணவர் கல்ஃபில் இருந்தார், அவர் வாங்கிக் கொடுத்த கார்டு சேச்சியிடம் இருந்தது. எடு, பிறகு தந்தால் போதும் என்றார்.

ஆரம்ப விலை ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. ஒரு விலை கேட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால் என்னை யாரோ தாண்டியிருந்தார்கள். ஆள் யாரென்று தெரியாது, திரையில் ஒரு நம்பர் மட்டும். பெயர்களை வாங்கி விற்றே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், புத்தகத்தில் அச்சான விலாசம் என்று மோப்பம் பிடித்திருப்பார்கள் என்று சேச்சி சொன்னார். நான் ஏற்றினேன். அந்த நம்பர் ஏற்றியது. எங்கோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவனோடு, என் சொந்த உழைப்புக்கு, நான் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி நாள் அந்த நம்பர் விலகிக்கொண்டது. சேச்சியின் கணவர் ஒரு மாதத்துக்கு அனுப்புகிற பணம் மொத்தமும் போயிருந்தது. இருந்தாலும் நான் ஜெயித்திருந்தேன். சேச்சி சாயா வாங்கி வரச் சொன்னார், இரண்டு பேரும் சிரித்தபடி குடித்தோம்.

ஜெயித்த உடனே பெயர் கைக்கு வராது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய உரிமையாளருக்கு இன்னும் சில நாள் அவகாசம் இருக்கும். அது முடிந்தால்தான் நமக்கு மாற்றித் தருவார்கள். தினமும் பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பேன். மாற்றம் நிலுவையில் உள்ளது என்று இருக்கும். சீசன் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் நடந்தார்கள். என் விலாசத்தைத் திறந்தால் வேறு யாருடைய ஓட்டல் விளம்பரமோ வந்தது. எனக்கு வர வேண்டிய கடிதங்கள் எந்த வெளியில் போய் விழுந்தனவோ. பழைய உரிமையாளரைப் பற்றி நான் பயப்படவே இல்லை. மூன்று தடவை கேட்டும் கையை அசைக்காத மனுஷன் இனிமேலா அசைப்பார் என்று இருந்தேன்.

அவகாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது திரையில் வாசகம் மாறியது. பழைய உரிமையாளர் புதுப்பித்துவிட்டார், உங்கள் பணம் திருப்பித் தரப்படும்.

பணம் வந்தது, முழுதாக வந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது. எங்கே போய்ப் புகார் சொல்வது? காகிதத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நேரே கடைக்குப் போனேன். ஒளிக்க அவருக்கு ஒன்றும் இல்லை, தானே சொன்னார். உங்கள் பெயர் ஏலத்தில் இந்த விலைக்குப் போயிருக்கிறது, விட மனமில்லாவிட்டால் இந்தத் தேதிக்குள் புதுப்பிக்கலாம் என்று கம்பெனி அவருக்கு எழுதியிருக்கிறது. அத்தனை கடிதத்தையும் படிக்காதவர் அதை மட்டும் படித்திருக்கிறார்.

"ஒராள் இத்ர விலைக்குச் சோதிச்சு வந்நால், பின்னெ அது களயான் பற்றுமோ மோளே?"

இவ்வளவு விலைக்கு ஒருவர் கேட்டு வந்த பிறகு தூக்கிப் போட முடியுமா என்கிறார். அந்த ஒருவர் நான். நான் ஏற்றி ஏற்றிக் கேட்ட விலைதான் அவருக்கு அந்தப் பெயரின் மதிப்பைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் அது மூலையிலேயே கிடந்திருக்கும். இரண்டாம் தடவை தொடாதே என்று உலகத்துக்கெல்லாம் சொன்னவள், ஏலத்தில் ஒன்பது தடவை விலையை ஏற்றி எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷம் என் மேல் திரும்பியது. மீதிப் பாதியும் குறைச்சல் இல்லை.

ஏலத்தில் எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி திரும்பி வந்தார். நல்லதாகப் போயிற்று, வெப்சைட்டைத் திரும்பப் போடலாம், கடிதங்கள் கடைக்கு வரட்டும், நான் உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிறேன், நடையைக் கடையில் முடித்துக்கொள், போதும் என்றார். நான் கடைப் படி இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா அவர் பக்கம்.

"எத்தற தடவ ஃபோனுக்கு நம்மள விளிச்சிருக்கான். அவன் சொல்றதக் கேட்டாத்தான் உனக்கென்ன கொறஞ்சு போகும்?"

எனக்கு அழுகை வந்தது. அவர் செய்த நல்லதெல்லாம் உண்மை என்பதால்தான் வந்தது. அந்த நல்லதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே நாளில் என் கழுத்தில் கட்டப் பார்க்கிறாரே என்று ஆத்திரம்.

ஒரு வாரத்தில் என் விலாசம் திறந்தது. உள்ளே அவர் கடையின் படம், கடைக்கு வரும் வழி, நடை இங்கிருந்து புறப்படும் என்று ஒரு வரி. கடை ஆள் ஒருவனைக் கைடாக்கி வைத்திருந்தார். அவனுக்கு எந்தக் கிடங்கில் மிளகு, எதில் சுக்கு என்றுகூடத் தெரியாது. புத்தகத்தைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தவர்கள் அவன் பின்னால் போய்விட்டு, அரை மணி நேரத்தில் கடைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அதைப் பார்த்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் போய்க் கடைக்கு எதிரே சாலையில் நின்றேன். பலகை இல்லை, கூவல் இல்லை, சும்மா நின்றேன். கையில் புத்தகத்தோடு யார் வந்தாலும் அவர்களிடம் போய், நீங்கள் தேடி வந்த பெண் நான்தான் என்று சொன்னேன். இரண்டாம் நாள் சேட்டன் வெளியே வந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் குரல் எப்போதும் போலச் சந்துக் கடைசி வரை கேட்டது.

"என்டெ கடையுடெ முன்னில் நிக்கண்டா."

தன் கடை முன்னால் நிற்க வேண்டாம் என்கிறார். எனக்குப் பில் எழுத மலையாளம், பிழைக்க இங்கிலீஷ். சண்டைக்கு மட்டும் வீட்டுத் தமிழ்தான் வரும். அப்பா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டுகிற தூப்பு வேலைக்காரர். அந்தத் தெருதான் அவருக்குக் கொடுத்த தெரு, ரிட்டயராகிற வரைக்கும். அதை அங்கே தெரியாதவர் யாரும் இல்லை. நான் குரலை உயர்த்தவில்லை.

"கடை உங்களோடதுதான் சேட்டா. ரோடு எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் தூத்தது. நான் இங்கதான் நிப்பேன்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வயதான ஒரு தம்பதி வந்து நின்று, புத்தகத்தைப் பிரித்து அவர் கடைப் பலகையையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் அவர் முன்னாலேயே போய் அந்த மூன்று வரியின் மேல் விரலை வைத்து, இது நான் என்றேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடையைப் பார்த்தார், புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் நடக்கத் தொடங்கினோம்.