சந்தனம் பூசிய கை

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் என் மகள் விஜயாவுக்குப் பரிசம் போட வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அவள் கழுத்தில் சந்தனம் பூசினார். பூசிய கை அங்கேயே நின்று, மாம்பழம் பொறுக்குவதுபோல அழுத்திப் பார்த்தது.

"என்னம்மா, உள்ளுக்குள்ள கட்டி உருளுது? கேன்சரா இருந்தா யாரு பாக்குறது?" என்று சபையிலேயே கேட்டார்.

அவரே டவுனில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் எங்களை இழுத்துப் போனார். அந்த மகான் தொட்டவுடனே, "புற்றாக இருக்கலாம், அறுத்து எடுத்துவிடுவோம்" என்றார். நான் பயந்து சம்மதித்துவிட்டேன். விஜயாதான், "இன்னொருத்தர்ட்ட காட்டாம கத்தி வைக்க விடமாட்டேம்மா" என்று நின்றாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் நிதானமாகச் சோதித்தார். "இந்த ஊரிலை எல்லாற்றை கழுத்தையும் அமத்திப் பார்த்தால் கன பேருக்கு இப்பிடி இருக்கும். வளர்ந்தால் வாங்கோ" என்றார்.

வளரவில்லை. சம்பந்தம்தான் முறிந்தது, பீடை விட்டது. விஜயா வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறாள்.

போன மாதம் கிளேபாங்கில் ஒரு வளைகாப்பு. வந்த பெண்களுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். அன்று பரிசம் போட வந்த மாப்பிள்ளையின் தாயார், அந்த அம்மாளும் கழுத்தை நீட்டினார். என் விரலடியில் அதே போல ஒரு கட்டி உருண்டது.

அன்றிலிருந்து சந்தனத்தை அவரவர் உள்ளங்கையில்தான் வைக்கிறேன். அந்த அம்மாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மகானிடம்தான் ஓடுவார். அந்தக் கத்திக்கு அவர் கழுத்தைக்கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.