வெள்ளகோவில் எண்ணெயும் என் கட்டுரையும்

கோவையில் ஒரு சட்டக் கல்லூரியில் அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் நடத்துகிறேன். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்களில் கட்டுரை வெளியாக வேண்டும். அதற்காக எழுதியதுதான் அந்த எண்ணெய்க் கட்டுரை. வெள்ளகோவில் பக்கம் ஓர் அண்ணனும் தம்பியும் தேங்காய் எண்ணெய் மில்லைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்பா வைத்த பெயரை மட்டும் இருவரும் விடவில்லை. ஒரே பெயர், ஒரே பச்சை டின். விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போயிருந்தது.

நேரில் போய்க் கேட்டபோது, "தாராளமா எழுதுங்க அம்மணி, நாயம் எம்பக்கந்தான்னு தெரியட்டும்" என்றார் அண்ணன். தம்பியும் அதையேதான் சொன்னார்.

முதல் இதழ் பல மாதம் வைத்திருந்துவிட்டு ஒற்றை வரியில் திருப்பி அனுப்பியது. அடுத்த இதழில் மதிப்பிட்டவர்கள் இருவர். ஒருவர் கதை அதிகம், சட்டம் குறைவு என்றார். மற்றவர் சட்டம் தெரிந்ததுதான், கதையை விரியுங்கள் என்றார். இருவருக்கும் நன்றி சொல்லி, விடைத்தாள் திருத்துவதற்கு நடுவில் வெட்டினேன், ஒட்டினேன், அடிக்குறிப்புகளை மாற்றினேன். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று அண்ணனை அழைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, அது இன்னுமா முடியலீங்க? நாங்க ராசியாயிட்டமுங்க. தம்பி புள்ளைக்குக் கல்யாணம். நாந்தானுங்க முன்னால நின்னு செய்யறேன்."

"நல்லதுங்க. கட்டுரையில உங்க பேரு எதுவும் இல்லீங்க."

"பச்ச டின்னுன்னு சொன்னாவே தெரிஞ்சுபோகுமுங்க. மாப்பள ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? அத எடுத்துப்போடுங்க அம்மணி."

அதட்டவில்லை, கெஞ்சினார். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. அவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டுவிட்டார்கள். நான்தான் இன்னும் அவர்களுடைய சண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பகுதியை எடுத்துவிட்டதாக இதழாசிரியருக்கு எழுதினேன். அப்படியானால் மறுபடி மதிப்பீட்டுக்குப் போக வேண்டும் என்று பதில் வந்தது. போயிற்று. வெகுநாள் கழித்து, வெறும் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளுமாக அது வெளியானது. துறைத் தலைவர், "வந்துருச்சுங்களா, ஃபைல்ல சேத்துருங்க" என்றார்.

வீட்டில் சொல்லத் தோன்றவில்லை. துவைத்த துணியைக் காயப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.