மலையாக நின்ற கை

திருச்செங்கோட்டுத் தெருவில் நின்று ‘செங்கோடா’ என்று கூப்பிட்டால் அந்த நாளில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நம் ஆளுக்குப் படுதாச் செங்கோடன் என்று பேர். நாடகக் கம்பெனிகளுக்கு மேடைப் படுதா எழுதுகிறவன். அரண்மனை வேண்டுமா, காடு வேண்டுமா, கைலாசம் வேண்டுமா, காடாத் துணியை விரித்துப் போட்டால் எழுதித் தந்துவிடுவான். கைலாசத்தை அவன் பார்த்ததில்லை, அரண்மனையையும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் அந்த நாடகங்களுக்கு வரப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதினான். ஆனால் நன்றாகவே எழுதினான்.

கூலிக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன். முதலில் வீடுகளுக்கு வெள்ளையடித்தான், கோயில் மதிலுக்குக் காவிப் பட்டை போட்டான். ஒருமுறை வாளியில் காவி மிஞ்சிப் போனது. பக்கத்தில் ஒரு மண்டிக்காரர் வீட்டுச் சுவர் வெறுமனே நின்றது. மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா, ஒரு யானையைப் போட்டுவிட்டான். மண்டிக்காரர் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், யானையைப் பார்த்தார், வாசலுக்கு அந்தப் பக்கமும் ஒன்று போடச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே பிடித்த ஏறுமுகம்தான். வண்டிப் பலகை, கடைப் பலகை என்று போய்க் கடைசியில் நாடகப் படுதாவில் வந்து நின்றது.

பெண் எடுத்தது வெண்ணந்தூருக்குப் பக்கத்தில். ஆராயி என்று பேர். கடலைக்காய் பிடுங்கும்போது அவள் சிரித்தால் நாலு காடு தள்ளி ஏர் ஓட்டுகிறவனுக்குக் கேட்கும் என்பார்கள். இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து மேலே பச்சை குத்தியிருந்தது. தேள், மீன், தேர், தாமரை, புள்ளிக்கோலம் என்று ஒரு இடம் பாக்கியில்லை. அவள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய சீர். குறத்தி வந்து ஊசியை எடுத்ததும் சுற்றியிருக்கிற பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள், குத்திக்கொள்கிறவள் அழக் கூடாது. செத்தால் மூக்குத்திவரை கழற்றிக்கொள்வார்கள், பச்சை மட்டும்தான் கூடவே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆராயி அழவில்லை. அந்தப் பெருமையைக் கல்யாணத்தன்று செங்கோடனிடம் முதல் பேச்சாகச் சொன்னவள் அவள்.

டவுனுக்கு வந்த புதிதில் தெப்பக்குளத்துப் படியில் கடைவீதிப் பெண்கள் சிலர் அவள் கையைப் பார்த்தார்கள். “என்ன புள்ள கையில, சட்டிக் கரியா? தேச்சுக் கழுவக்கூடாதா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரமே ஆராயி மணிக்கட்டு வரைக்கும் கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் நடு ஊரில் நிற்கிற கோயில் மலை காய்ந்து ஊரே வேகும்போதும் அந்தக் கை இறங்கியேதான் இருந்தது. சந்தைக்குப் போவது நின்றது, தேர் பார்க்கப் போவது நின்றது. புருஷன் எழுதிய படுதா ஒன்றைக்கூட அவள் மேடையில் பார்த்ததில்லை. சிரிப்பு அடுப்படிக்குள் சுருங்கிப் போயிற்று.

“அதை மடிச்சு உடு புள்ள, வேர்த்து ஊத்துது” என்று செங்கோடன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான்.

“உங்களுக்கென்னங்க, சொல்லிப்போடுவீங்க. சிரிக்கறவிய என்னையப் பாத்தல்ல சிரிக்கறாங்க” என்பாள்.

வெண்ணந்தூரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த ஆராயியை நடுவழியில் எங்கேயோ தொலைத்துவிட்டோம் என்று அவனுக்கு இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவன் மனது நொந்து போயிருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் வைகாசித் தேருக்கு முன்னால், நாடகக் காண்ட்ராக்டர் கண்ணுசாமி ஒரு புதுப் படுதா கேட்டார். புது நாடகத்தில் ராஜகுமாரி கனவு காண்கிறாள். அந்தக் கனவுக்கு ஒரு சீன் வேண்டும்.

“மேகம், நச்சத்திரம்னு எழுதிப்போட்டு ஏமாத்தாதே அப்பனே. ஒருத்தனும் பாக்காத கனவா இருக்கோணும்” என்றார்.

செங்கோடன் வர்ணப்பொடி வாங்க ஈரோட்டுக்குப் போனான். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தது ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில். வீட்டுக்கு வந்து பிரித்தால் அதில் ஒரு படம். ஒரு நாற்காலி மனுஷக் கால்களோடு கடலுக்குள் இறங்கிப் போகிறது, மேலே வானத்தில் ஒரு கதவு பாதி திறந்து நிற்கிறது, அதிலிருந்து ஒரு மரம் தலைகீழாக வளர்கிறது. செங்கோடன் அதைக் கண்ணுசாமியிடம் எடுத்துக்கொண்டு ஓடினான். அவர் ரயில்வேயில் கொஞ்ச காலம் இருந்தவர், எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிப்பார்.

“சீமையில சில பேரு கனவுல வந்ததை வந்தபடியே எழுதறாங்களாமா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததைப் பக்கத்துல பக்கத்துல வெக்கறாங்களாமா. இதுக்கு ஒரு பேரு போட்டிருக்குது, வாயில நொழைய மாட்டேங்குது” என்றார்.

அன்று மத்தியானம் செங்கோடன் சாப்பிட உட்கார்ந்தான். அடுப்படியில் வேறு யாரும் இல்லாததால் ஆராயி ரவிக்கைக் கையை மடித்து விட்டிருந்தாள். களியைப் போட்டுக் குழம்பு ஊற்ற வலது கையை நீட்டினாள். அவன் கண்ணுக்கு நேரே தேள் நின்றது. அதன் பக்கத்தில் மீன், மீனுக்கு மேலே தேர், தேருக்கு அண்டையில் தாமரை. தேளுக்கும் தேருக்கும் என்ன சம்பந்தம்? மீனுக்குத் தேர்மேல் என்ன வேலை? சீமைக்காரன் இப்போது கண்டுபிடித்ததாகச் சொல்வது இத்தனை வருஷமாகத் தன் தட்டுக்கு மேலே வந்து வந்து போயிருக்கிறது என்று தோன்றியதும் அவனுக்குப் புரையேறிவிட்டது.

“மெல்லத் தின்னுங்க. களி எங்கீம் ஓடிப்போகாது” என்று ஆராயி தலையில் தட்டினாள்.

அவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். நெசவுக்காரர்கள் காலையில் தறிக்கு நூல் பாவு நீட்டி முடித்ததும் பாவடி மைதானம் காலியாகக் கிடக்கும். அங்கே துணியை விரித்து, வர்ணத்தில் கலக்க வஜ்ஜிரப் பசை காய்ச்சி வேலையைத் தொடங்கினான். தினமும் சோறு போடுகிற கையைத் திருட்டுப் பார்வை பார்த்து மனசில் வாங்கிக்கொண்டு வந்து எழுதினான். பச்சை குத்திய நிறத்தைப் பிடிக்கத்தான் படாத பாடு பட்டான். அது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. நீலத்தில் கரியைக் குழைத்து மஞ்சளைக் காட்டியும் காட்டாமலும் விட்டபோதுதான் அது வந்தது. வந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

எழுதி முடித்த படுதா இப்படி இருந்தது. ஊருக்கு நடுவே மலை இருக்க வேண்டிய இடத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பெண்ணின் கை, முழங்கையிலிருந்து மேலே எழும்பி நிற்கிறது. விரித்த உள்ளங்கையில் கோயில். கண்ணாடி வளையல்கள் மதில்களாகச் சுற்றி நிற்கின்றன. கையில் காளைமாட்டுப் பருமனுக்கு ஒரு தேள். மீன்கள் கையை விட்டு வெளியே வந்து வானத்தில் நீந்துகின்றன. தேர் குதிரையும் வடமும் இல்லாமல் மேகத்தில் ஓடுகிறது. கோலப் புள்ளிகள் மேல் கால் வைத்து, ஆற்றுக் கல்லில் தாண்டுவது மாதிரிப் பெண்கள் தாண்டித் தாண்டி நிலாவுக்குப் போகிறார்கள்.

கண்ணுசாமி பாவடிக்கு வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கனவை எழுதச் சொன்னா காச்சக்காரன் பொலம்பலை எழுதி வெச்சிருக்கறே” என்றார்.

“கனவுன்னா அப்படித்தானுங்க இருக்கும்.”

“இருக்கும். டிக்கெட்டு வாங்கறவன் கல்லெடுத்து அடிக்காம இருக்கோணுமே.”

ஆனாலும் வேறு எழுத நாள் இல்லை. கொட்டகை போட்டாயிற்று, நோட்டீஸும் கொடுத்தாயிற்று. கண்ணுசாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் படுதாவை முதல் ஆட்டத்தன்று சாயங்காலம் மேடையில் அவிழ்த்துப் பூசை போடுவார். எழுதியவன் வீட்டுப் பெண்தான் முதல் சூடம் ஏற்ற வேண்டும். இதுவரைக்கும் ஆராயி ஏதாவது சாக்குச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிடுவாள். இந்தத் தடவை செங்கோடன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான். அவன் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் அவனுக்குப் பயம் வந்தது. பார்த்துவிட்டு அவள் ஊரார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அழுதால் என்ன செய்வது? வெண்ணந்தூருக்கே போய்விட்டால் என்ன செய்வது?

தேர்க்கடைகள் கொட்டகையை ஒட்டியே இருந்தன. வெயில் தாழ்ந்ததும் கடலைப்பொரி விற்கிறவர்கள், வளையல் விற்கிறவர்கள், தேர் பார்க்க வந்த காட்டுவேலைப் பெண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஆராயி சூடத்தட்டோடு மேடை ஓரமாக நின்றாள். ரவிக்கைக் கை மணிக்கட்டுவரை இறங்கி, பித்தானும் போட்டிருந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். படுதா மடமடவென்று இறங்கியது.

செங்கோடன் ஆராயியைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகம் ரத்தச் சிவப்பாயிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கீழே பெண்கள் பக்கம் முதலில் முணுமுணுப்பு எழுந்தது. “அட, பச்சையல்லோ இது.” “எங்கைத் தாமரை பாரு.” “அந்த மீனு எங்கம்மாளுக்கும் இருக்குது.” எல்லா முகத்திலும் சிரிப்பு வந்த நேரம் பார்த்து, பொரிக்கடை பூவாத்தாள் முன்னால் வந்தாள். அவள் குரலுக்குத் தேர் நிற்கிற தேர்முட்டி வரைக்கும் எல்லாரும் பயம்.

“ஏஞ் சாமி, தேளு எதுக்குக் கீழ எறங்குது? எங்க கையில எல்லாம் ஏறிப் போகுது. மலையில இருந்து எறங்குனா ஊருக்குள்ளதான வரும். தேரும் அதுவுமா இது நல்லாவா இருக்குது?” என்றாள்.

உடனே ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தேள் ஊருக்குள் இறங்குகிற நாடகத்தைப் பார்க்க மாட்டோம் என்று பாதிப் பேர் திரும்பினார்கள். கண்ணுசாமி செங்கோடனிடம் ஓடி வந்தார். “அந்தத் தேளை மட்டும் அழிச்சுப்போடப்பா. மேல மண்ணு நெறத்தை அப்பி உட்டா ஆச்சு” என்றார். செங்கோடனுக்கே குழப்பமாகிவிட்டது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் தினமும் வால்தானே வந்தது, தலையைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று வாளியைத் தேடினான்.

“எதைங்க அழிக்கறது?”

ஆராயிதான் கேட்டாள். மறைத்து வைப்பது வேறு, அழிப்பது வேறு. அழாமல் குத்திக்கொண்ட தேளை அழிக்கச் சொன்னதும் அவளுக்கு வந்த கோபத்தில் மற்றதெல்லாம் மறந்து போனது. தட்டைக் கீழே வைத்தாள். பித்தானைக் கழற்றினாள். வலது கை ரவிக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு மேடை நடுவில் வந்து நின்றாள்.

“பாருங்கக்கா. இதான் அந்தக் கையி. தொங்கப்போட்டிருக்கறன், தேளு ஏறுதுங்களா?”

“ஏறுது” என்றாள் பூவாத்தாள்.

ஆராயி கையை வானத்தைப் பார்க்கத் தூக்கினாள். “இப்ப?”

பூவாத்தாள் பார்த்தாள், தேளின் தலை கீழே திரும்பியிருந்தது. தன் கையைத் தூக்கிப் பார்த்தாள், தொங்கப்போட்டாள், மறுபடி தூக்கினாள். பக்கத்தில் நின்றவளும் தூக்கினாள். கொட்டகை முழுக்கப் பெண்கள் கையைத் தூக்கித் தங்கள் தேளையும் மீனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பட்டுப்புடவை கட்டிய கடைவீதி அம்மாள் ஒருத்தியும் வளையல்களை மேலே தள்ளிவிட்டு, யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு சின்னத் தாமரையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாக் கையும் மேலே போனதைப் பார்த்து, சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணுசாமியும் கும்பிட்டார். அதைக் கண்டு கூட்டம் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கீற்று ஆடியது.

“தேளு எங்கீம் போகுலீங்க. இருந்த எடத்துலயேதான் இருக்குது. கையைத்தான் தூக்கியிருக்குது” என்றாள் ஆராயி.

“அது எதுக்குத் தூக்கியிருக்குதாம்?” பூவாத்தாள் விடுவதாக இல்லை.

“சும்மாதான். நாலு பேரு பாக்கட்டும்னுதான்.”

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அது நாலு காட்டுக்குக் கேட்கிற சிரிப்பு. செங்கோடனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சூடம் ஏற்றியானதும் ஆராயி அவனிடம் வந்தாள். இப்போது விழப்போகிறது அர்ச்சனை என்று அவன் தயாராக நின்றான். அவள் இடது கை ரவிக்கையையும் சுருட்டினாள். தோள் வரைக்கும் ஏற்றியதில் தையல் விட்டுப் போனது. அந்தக் கையில் மயில், வாழைமரம், தொட்டில், இரட்டைக் கிளி என்று என்னென்னவோ இருந்தன.

“ஏனுங்க, இதுல இருக்கறது ஒண்ணைக்கூடக் காணமே. சோறு போடற கையி மட்டுந்தான் உங்க கண்ணுக்குப் பட்டுச்சா?” என்றாள். பிறகு படுதாவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இன்னும் எடங் கெடக்குதுங்களா?”

“கெடக்குது புள்ள” என்று செங்கோடன் வர்ணத்தைக் குழைக்க உட்கார்ந்தான். நாடகத்துக்கு நேரமாகிறது என்று கண்ணுசாமி கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆராயி மேடை விளிம்பில் உட்கார்ந்து அவன் பார்த்து எழுத வாகாக இடது கையை நீட்டினாள்.