சந்தேகம் மேடத்துக்குக் கைதட்டல்

அலுவலகக் கூட்டத்தில் யாராவது கையைத் தூக்கி, "எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தால் போதும், மொத்தக் கூட்டமும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரிக்கும். சந்தேகம் மேடம் என்ற பெயர் அவளுக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. மின்விசிறியும் வாட்டர் ஹீட்டரும் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் அவள்தான் மோசடித் தடுப்புப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிய பட்டாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெள்ளைப் பலகை, படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. யாராவது அவசரமாக மாடிப்படி இறங்கினால் அவள் தலைக்கு மேல் இடி இடிக்கும்.

முதலில் அவள் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவளாகத்தான் சேர்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொழுதெல்லாம் ஊரார் குரலைக் கேட்கிற வேலை. வாங்கவே வாங்காத ஹீட்டர் வெடித்துவிட்டதாகச் சண்டை போடுவார்கள். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடுவாள். ஆனால் ஒரு நாள், கம்பெனி பெயரைச் சொல்லி எவனோ தன் சேமிப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஒரு நர்ஸ் தேம்பித் தேம்பி அழுதபோது, புகார் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தாள், பரீட்சை எழுதினாள், நிர்வாகத்தை நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் அந்தப் பதவியை உண்டாக்கிக் கொடுத்தார்கள். கூடவே படிக்கட்டு அறையையும்.

வீட்டில் அவளுக்கு நேர் எதிர் ஒருவர் இருந்தார், அவள் கணவர். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை நம்பிப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு யாரைத்தான் நம்பத் தோன்றாது? வெளிநாட்டுச் சுற்றுலா பரிசு விழுந்திருக்கிறது என்று சொன்னவனிடம் ஒருமுறை கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து அவள் போனைப் பிடுங்கிய கதையை மகள் இன்னமும் நடித்துக் காட்டுவாள். "பாவம், அவன் ரொம்ப மரியாதையா பேசினான்" என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

அலுவலகத்தில் அவள் கொண்டுவந்த விதி ஒன்றே ஒன்று. பணம் அனுப்பச் சொல்லி யார் போன் செய்தாலும், மேலிடமே செய்தாலும், நமக்கு முன்பே தெரிந்த எண்ணுக்கு நாமாகக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தலைமைக் கணக்காளருக்கு இந்த விதி வேப்பங்காய். பெரியவர்களைப் பார்த்து "நீங்க நீங்கதானா?" என்று எப்படிக் கேட்பது என்பார். இருந்தாலும் நல்ல மனிதர். முணுமுணுத்துக்கொண்டாவது கேட்டுவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல், தலைக்கு மேல் இடி இடித்தது. இறங்கி வந்தவர் அதே கணக்காளர். கையில் போன், முகமெல்லாம் வேர்வை. போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நிர்வாக இயக்குநர் மேடம் லைனில் இருக்கிறார். வெளியூர்ப் பயணத்தில் இருக்கிறார். மோட்டார் தரும் புது நிறுவனத்துக்கு உடனே முன்பணம் போக வேண்டுமாம், போகாவிட்டால் ஒப்பந்தம் கைநழுவிவிடுமாம். குரல் அவருடையதேதான், சந்தேகமே இல்லை.

"அந்த வார்த்தையை மட்டும் இங்க சொல்லாதீங்க சார்" என்றாள் அவள்.

அவளும் கேட்டுப் பார்த்தாள். மணி அடித்தாற்போன்ற அதே குரல், வார்த்தைக்கு வார்த்தை 'சரிங்களா' போடும் அதே பழக்கம். நியாயமாகப் பார்த்தால் நம்பியிருக்க வேண்டும். அவள் தன் போனை எடுத்து, தன்னிடமிருந்த நிர்வாக இயக்குநரின் சொந்த எண்ணுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். கணக்காளர் கையைப் பிசைந்தார். அதற்கும் அடுத்த முறை யாரோ எடுத்தார்கள்.

"ழாழு?" என்றது ஒரு குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடம்தானா என்று கேட்டாள். பணம் அனுப்பச் சொன்னீர்களா என்று கேட்டாள். மறுமுனையில் வாய் நிறையக் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசுவதுபோல, "இள்ளே, இள்ளே, அனுப்பாழீங்க" என்று வந்தது.

கணக்காளர் தன் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். "குடிச்சுட்டு உளர்ற மாதிரி இருக்கும்மா. இதோ என்கிட்ட மேடம் எவ்வளவு தெளிவா பேசறாங்க."

"தெளிவை வெச்சு என்ன சார் பண்றது? உள்ள வர்ற நம்பருக்கு எவன் வேணா வேஷம் கட்டலாம், குரலுக்கும் கட்டலாம். நாம அடிக்கிற நம்பர் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகும்."

அதற்குள் மறுமுனையில் போன் கை மாறியது. ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். "இது பல் ஆஸ்பத்திரிங்க. மேடத்துக்குக் கடைவாய்ப் பல் எடுக்க ஊசி போட்டிருக்கு. பேசவே கூடாது. நீங்க பேச வெச்சு டாக்டர்கிட்ட எனக்குத் திட்டு வாங்கிக் கொடுக்கறீங்க."

அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. கணக்காளர் கையிலிருந்த போனை வாங்கி, குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு கேட்டாள். "மேடம், பல் வலி இப்ப எப்படி இருக்கு?"

அதே மணிக்குரல், "எந்தப் பல்லு?" என்றது. உடனே லைன் அறுந்தது.

கணக்காளர் அங்கிருந்த ஒரே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்ததில், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் வங்கிக்கும் காவல் துறைக்கும் தகவல் சொன்னாள்.

அன்று மதியம் படிக்கட்டு மெதுவாக அதிர்ந்தது. அந்த அறைக்குள் அதுவரை காலடி வைக்காத நிர்வாக இயக்குநர், ஒரு கன்னம் பலூனாக வீங்கியிருக்க, வாசலில் வந்து நின்றார். பேச முடியவில்லை. நேரே வெள்ளைப் பலகைக்குப் போய் எழுதினார்: 'நன்றி. என்ன வேண்டும், கேளுங்கள்.'

பட்டத்து ராணி வரம் கொடுப்பதுபோல இருந்தது அவளுக்கு. நாகரிகமாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "ஜன்னல் இருக்கற ரூம் வேணும் மேடம். கூட வேலை செய்ய ரெண்டு பேர் வேணும். அப்புறம், உங்களையும் சேர்த்து எல்லாரும் என்கிட்ட பயிற்சிக்கு வரணும்."

நிர்வாக இயக்குநர் வீங்கிய கன்னத்தோடு சிரிக்கப் பார்த்து, வலியில் முகத்தைச் சுளித்து, பலகையில் பெரிதாக 'சரி' என்று எழுதிவிட்டுப் போனார். அவளுக்கு அதை அழிக்க மனமே வரவில்லை.

மறுநாள் காலை, 'வாழ்த்துகள்! சிறப்புப் பரிசுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். இந்த இணைப்பை அழுத்தி உறுதி செய்யவும்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. யாரிடம் விளையாடுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அனுப்பிய கணக்கையே முடக்கிப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் நிர்வாக இயக்குநரின் செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். காலையில் உங்களுக்கு அனுப்பியதற்கு அப்புறம் ஒரு மெயிலும் போக மாட்டேன் என்கிறது, பாராட்டுக் கூட்டத்துக்கு நூறு பேரை அழைக்க வேண்டும், தயவுசெய்து என்னைத் திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திறந்துவிட்டாள்.

திங்களன்று சாப்பாட்டுக்கூடத்து மேசைகளை ஓரமாகத் தள்ளி எல்லோரும் கூடினார்கள். நிர்வாக இயக்குநருக்கு வீக்கம் வடிந்து குரல் திரும்பியிருந்தது. சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"பல் டாக்டர்னா எனக்குப் பயம். வெளிய தெரிஞ்சா கேலி பண்ணுவீங்கன்னு வெளியூர் போறேன்னு பொய் சொன்னேன். மெயில்ல தானா போற பதில்லயும் அதையே போட்டு வெச்சேன். அதைப் படிச்சவன்தான் என் குரலைத் திருடிக்கிட்டு வந்தான். எனக்கே என் குரல் அடையாளம் தெரியாத நேரத்துல, இவங்க சரியான ஆளைக் கண்டுபிடிச்சாங்க. இனிமே இவங்க பிரிவு நேரா என்கிட்டதான் பேசும். நடுவுல யாரும் கிடையாது."

கைதட்டல் எழுந்தது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் தலைமைக் கணக்காளர். அவள் முன்னால் போய் மைக்கைப் பிடித்தாள். தயாரித்து வைத்திருந்த பேச்சு எங்கேயோ பறந்துபோய், பழைய புகார்ப் பிரிவுப் பாடம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்" என்று ஒப்பித்துவிட்டாள். கூடமே அதிர்ந்தது. நிர்வாக இயக்குநர் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாலையில் கணவர் பயிற்சிக் காரோடு வாசலில் காத்திருந்தார். கூரையில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை, அவள் மடியில் பூங்கொத்து. நடந்ததையெல்லாம் அவள் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். பல்லுக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பில் ஸ்டீயரிங் ஆடியது.

"அவ்வளவு பேர் முன்னாடியா சொன்னாங்க?"

"அவ்வளவு பேர் முன்னாடி."

"மறுபடி சொல்லு, அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னாள். கார் ரவுண்டானாவுக்கு வந்திருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சாலை நெருங்கியபோது, கதை இன்னும் முடியவில்லை, இன்னொரு சுற்றுப் போகச் சொன்னாள். போனார். அப்புறமும் முடியவில்லை. சுற்றிச் சுற்றி வரும் பயிற்சிக் காரைப் பார்த்த போக்குவரத்துக் காவலர், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் தடுமாறுகிறார் என்று நினைத்து, பயப்படாமல் இடது பக்கம் வெளியே வாருங்கள் என்று கையசைத்து வழிகாட்டினார். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அவருக்குப் பூங்கொத்தை ஆட்டிக் காட்டிவிட்டு, கணவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. கணக்காளர் சார் கைதட்டினதை இன்னும் சொல்லலை."